செப்டம்பர் மாதத்துத் திங்கட்கிழமைகள்: அமெரிக்கக் கால்பந்துப் பேச்சில் நுழைபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2014 செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரத்து அலுவலகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில், காப்பி இயந்திரத்தைச் சுற்றி முகம் வாடி நின்றிருந்தவர்களிடம் நான் ஒரு கணக்கைச் சொன்னேன். அதே மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அதுவரை ஆடிய மூன்று ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தது; பருவத்துக்கு அப்போது மொத்தம் 16 ஆட்டங்கள்; ஆகவே இதே விகிதத்தில் போனால் 5.33 ஆட்டங்களில் வெல்வார்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த எதிர் மேசைக்காரர் மட்டும் மஞ்சள் நிற ஒட்டுத்தாள் ஒன்றில் 5.33 என்று எழுதி, என் கணினித் திரையின் மூலையில் ஒட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரத்திலேயே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், ஆரன் ராஜர்ஸ் வானொலியில் பேசும்போது, பதறிக்கொண்டிருந்த ரசிகர்களுக்காக 'ரிலாக்ஸ்' என்ற சொல்லை ஐந்து ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து, குழந்தைக்குச் சொல்லித் தருவதைப் போல ஒவ்வொன்றாக உச்சரித்தார். அணி அடுத்த நான்கு ஆட்டங்களையும் வென்றது. ஒவ்வொரு வெற்றிக்கும் அந்தத் தாளில் ஒரு கோடு விழுந்தது. நவம்பர் 9 அன்று சிகாகோ பேர்ஸ் அணியை 55-14 என்று நசுக்கி ஆறாவது வெற்றியைப் பெற்ற மறுநாள் காலை, எதிர் மேசைக்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "மிச்சம் வந்த 0.67 ஆட்டத்தை எங்கே வைக்கட்டும்?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அணி அந்தப் பருவத்தை 12 வெற்றி, 4 தோல்வி என்று முடித்தது.

என் வகுத்தலில் பிழை இல்லை. எந்த வகையான பேச்சில் நுழைகிறேன் என்பதில்தான் பிழை இருந்தது. பருவத்தின் முதல் நான்கு வாரங்களில் நடக்கும் கால்பந்துப் பேச்சு தகவல் பரிமாற்றம் அன்று. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாத நாள்களில், எல்லாம் தெரிந்தவரைப் போல அடித்துப் பேசி, அது பொய்த்தால் எல்லார் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிற கூட்டு நாடகம் அது. அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்து, ஆகஸ்ட் முடியும்போது சுற்றியுள்ளவர்கள் திடீரென வேறு மொழி பேசத் தொடங்கியதைக் கண்டு விழிப்பவர்களுக்காக, அந்த நாடகத்தில் ஒரு சிறு வேடம் ஏற்பதற்கு வேண்டியதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆட்டத்தைத் தேவையான அளவு மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுவது. நூறு யார்டு நீளமுள்ள களத்தில், நம் ஊர்த் துணிக்கடைக் கெஜக் கணக்கைப் போல, நிலத்தை அளந்து அளந்து பிடிக்கிற ஆட்டம் இது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 'டவுன்' என்று பெயர். அந்த நான்குக்குள் பத்து யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேற முடியாது என்று தோன்றினால், நான்காவது வாய்ப்பில் பந்தை எதிரணியின் எல்லையை நோக்கித் தொலைவாக உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1, அல்லது மறுபடியும் கோட்டைத் தாண்டினால் 2. டச்டவுன் கைகூடாதபோது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும்.

விதிகளைவிட முக்கியமான ஒன்று உண்டு. கடிகாரக் கணக்கில் 60 நிமிடம் நடக்கும் ஆட்டம் தொலைக்காட்சியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனால் பந்து உண்மையில் நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தை மட்டும் சேர்த்தால் இருபது நிமிடத்தைத் தாண்டாது. மீதி நேரமெல்லாம் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசுவது, நடுவர் திரையில் மறுபடி பார்ப்பது, விளம்பரம். இந்த விளையாட்டைச் சுற்றி இவ்வளவு பேச்சும் கேலியும் வளர்ந்ததற்குக் காரணம் அந்த இடைவெளிகளே என்று நான் நினைக்கிறேன்.

படி 2: நாள்காட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

தேசியக் கால்பந்து லீகில் 32 அணிகள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையை அடுத்த வியாழக்கிழமையன்று பருவம் தொடங்குவது வழக்கம். 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒரு வாரம் ஓய்வு. பெரும்பாலான ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் இரவிலும் திங்கள் இரவிலும் சில. அணியின் நிலையை வெற்றி, தோல்வி என்ற வரிசையில் 1-2, 3-0 என்று இரண்டு எண்களாகச் சொல்வார்கள். அரிதாக ஆட்டம் சமனில் முடிந்தால் மூன்றாவது எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்பதால் ஒரு தோல்வியை ஏழு நாள் மென்றுகொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதோடு, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் மூன்றே. அவற்றிலும் காயத்துக்கு அஞ்சி முன்னணி வீரர்களைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆகவே முதல் வாரத்தில் நாம் பார்க்கும் அணி, கல்யாணத்துக்கு முதல் நாள் சேர்ந்த புதுச் சமையல்காரர்கள் போன்றது: உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாம்பாரை வைத்துப் பந்தியை மதிப்பிடுவதே செப்டம்பர் பேச்சு.

படி 3: ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாறாதீர்கள்

பொதுவாக ரசிக்கிறேன், எந்த அணியும் இல்லை என்று சொல்பவருக்கு இந்தப் பேச்சில் இடம் கிடையாது. கேலி செய்யும் உரிமையை, கேலி செய்யப்படத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே கொடுப்பார்கள். அணி இல்லாதவரை எங்கே பிடித்து வாருவது? நீங்கள் குடியிருக்கும் ஊரின் அணியைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி. அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சென்ற ஆண்டு கோப்பை வென்ற அணியைத் தேர்ந்தெடுப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஓடுகிற வண்டியில் தொற்றிக்கொண்டவர் என்ற பெயர் பத்தாண்டுகளுக்குப் போகாது. இடையில் அணி மாறுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாறாதீர்கள்.

அணியோடு சேர்த்து அதன் காயத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வெற்றிகளைவிட முதலில் தோல்விகளைப் படியுங்கள் என்பது என் அறிவுரை. எதிரிகள் அங்கேதான் குத்துவார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் ரசிகரானால் 28-3 என்ற எண்ணை எங்கே கண்டாலும் புன்னகைக்கப் பழக வேண்டும்: 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் அவ்வளவு முன்னிலையில் இருந்த அணி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று தோற்றது. பஃபலோ பில்ஸ் ரசிகரானால், 1990 முதல் 1993 வரையிலான நான்கு பருவங்களிலும் தொடர்ந்து இறுதியாட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்ற அணி உங்களுடையது. டல்லஸ் கௌபாய்ஸ் ரசிகரானால், தன்னை அமெரிக்காவின் அணி என்று அழைத்துக்கொள்ளும் அது கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1996 ஜனவரியில் என்பதை ஒவ்வொரு செப்டம்பரிலும் யாரேனும் உங்களுக்கு நினைவூட்டுவார்கள். அவர்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

எனக்கு வாய்த்த பேக்கர்ஸ் அணியின் கதை சற்று வேறு. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் சிற்றூரின் அணி அது. அதற்குத் தனி முதலாளி கிடையாது. பங்கு வாங்கிய பொதுமக்களே உரிமையாளர்கள். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது; இலாபத்துக்கு விற்கவும் முடியாது. எதிர் மேசைக்காரர் 2011இல் 250 டாலர் கொடுத்து ஒன்று வாங்கி, சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அணி தோற்ற நாள்களில், "உரிமையாளன் என்ற முறையில் சொல்கிறேன்" என்று தொடங்கிப் பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்குவார். செவ்வாய்க்கிழமை மறுபடி சேர்த்துக்கொள்வார்.

படி 4: ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் போய் வாருங்கள்

தின்பண்டம் ஏதாவது கொண்டுபோங்கள். இறைச்சி உண்ணாதவர்கள் வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டே கிளம்புவது நல்லது. கோழி இறக்கைகளும் மாட்டிறைச்சி போட்ட சில்லி என்ற குழம்பும்தான் பெரும்பாலும் மேசையில் இருக்கும். விஸ்கான்சினில் இருப்பவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகள் கைகொடுக்கும். நான் ஒருமுறை மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட வேர்க்கடலை கொண்டுபோனேன். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் இரண்டாவது முடிவதற்குள் கிண்ணம் காலியானது, வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் எதிரணியின் தடுப்பாட்டத்துக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

பந்து நகரும்போது கேள்வி கேட்காதீர்கள். விளம்பரம் வந்ததும் கேளுங்கள், நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். ஃபீல்டு கோல் உதைக்க ஆள் வந்து நின்றால் முழு அமைதி. அப்போது, இது எளிதாகப் போய்விடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தவறிப்போனால் பழி உங்கள் தலையில். சிகாகோ ரசிகர்கள் இருக்கும் அறையானால் இதில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்: 2019 ஜனவரியில் ஃபிலடெல்பியாவுக்கு எதிரான வெளியேற்றச் சுற்று ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர்கள் அணி உதைத்த பந்து இடதுபுறக் கம்பத்தில் பட்டு, கீழிறங்கிக் குறுக்குக் கம்பத்திலும் பட்டு, வெளியே விழுந்தது, 16-15 என்று தோற்றார்கள். ஒரே உதையில் இரண்டு 'டங்'. அந்த ஒலியை வாயால் எழுப்பினாலே போதும், பேச்சு நின்றுவிடும்.

தோல்வியில் முடிந்தால், வெறும் விளையாட்டுதானே என்று ஆறுதல் சொல்லாதீர்கள். பாத்திரங்களை எடுத்து உள்ளே வைக்க உதவுங்கள்.

படி 5: திங்கட்கிழமை வாயைத் திறப்பது

இதுதான் முதன்மையான படி. முதல் சில வாரங்களின் திங்கட்கிழமைப் பேச்சில் இரண்டே தீர்ப்புகள் உண்டு. வென்றவர், பிப்ரவரி மாதத்து இறுதியாட்டத்துக்கு விடுதி அறை பதிவு செய்யப் போவதாகச் சொல்வார். தோற்றவர், பருவம் முடிந்தது, அடுத்த ஆண்டு கல்லூரியிலிருந்து யாரை எடுக்கலாம் என்று பார்ப்போம் என்பார். இடைப்பட்ட நிதானமான கருத்துக்கு வரவேற்பு இல்லை. நிதானம் இங்கே பேச்சைக் கெடுக்கிற குணம். என் 5.33 செய்த குற்றமும் அதுதான். ஐந்து வெற்றி என்பது அழுவதற்கும் போதாது, ஆடுவதற்கும் போதாது. "ஒன்றுகூட வெல்ல மாட்டார்கள், நான் தச்சு வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று சொல்லியிருந்தால் அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

மிகைப்படுத்தும்போது ஆதாரமாக எடுத்து வைக்கவும், பிறர் மிகைப்படுத்தும்போது மறுக்கவும் சில கதைகள் கைவசம் இருக்க வேண்டும். எங்களூர் ராஜர்ஸ் 'ரிலாக்ஸ்' சொன்ன அதே 2014 செப்டம்பரின் 29ஆம் தேதி, கான்சஸ் சிட்டி அரங்கத்தில் ரசிகர்கள் எழுப்பிய கூச்சல் 142.2 டெசிபல் என்று அளக்கப்பட்டு உலகச் சாதனையாகப் பதிவான இரவில், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 41-14 என்று அடிவாங்கியது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு அப்போது வயது 37. ஆள் முடிந்துவிட்டார் என்று மறுநாள் நாடு முழுவதும் கருமாதி நடத்தினார்கள். அவருடைய வயதைப் பற்றிச் செய்தியாளர் கேட்டபோது பயிற்சியாளர் பில் பெலிச்சிக், அடுத்த ஆட்டம் சின்சினாட்டியுடன் என்பதையே மந்திரம்போலத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சின்சினாட்டியை 43-17 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலையும் வென்றார்கள். பிரேடி அதன்பிறகும் எட்டுப் பருவங்கள் ஆடினார். கருமாதிச் சாப்பாடு சாப்பிட்டவர்களில் பலர் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுவிட்டு அழுபவருக்கு 1993 டல்லஸ், 2001 நியூ இங்கிலாந்து, 2007 நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற மூன்று பெயர்களைச் சொல்லுங்கள். மூன்றும் 0-2 என்று தொடங்கிக் கோப்பையில் முடித்தவை. 2023 பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் நடப்பு வாகையரான கான்சஸ் சிட்டியை அதன் சொந்தக் களத்திலேயே டெட்ராய்ட் லயன்ஸ் 21-20 என்று வீழ்த்தியபோது, ஒரு வாரத்துக்கு டெட்ராய்டைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிப்ரவரியில் கோப்பையை வாங்கியது மறுபடியும் கான்சஸ் சிட்டி.

எதிர்த்திசையில் சொல்வதற்கு ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற ஒரே மனிதர் போதும். ஹார்வர்டில் படித்தவர், காடுபோல வளர்ந்த தாடிக்காரர். 2011இல் அவர் தலைமையில் பஃபலோ 3-0 என்று தொடங்கியது. அக்டோபரில் அவரோடு நீண்டகால ஒப்பந்தமும் போட்டார்கள். பருவம் முடிந்தபோது கணக்கு 6-10. ஏழு ஆண்டுகள் கழித்து, 2018இல், டாம்பா பே அணியில் தடை பெற்ற ஆட்டக்காரருக்குப் பதிலாகத் தற்காலிகமாக இறங்கி, முதல் இரண்டு ஆட்டங்களிலும் தலா நானூறு யார்டுக்கு மேல் வீசி, நியூ ஆர்லியன்ஸையும் நடப்பு வாகையரான ஃபிலடெல்பியாவையும் வீழ்த்தினார். இரண்டாவது வெற்றிக்குப் பின், சக வீரர் ஒருவரின் மேலுடையைக் கடன் வாங்கி மார்பு தெரியத் திறந்துவிட்டு, கழுத்தில் சங்கிலிகளும் கறுப்புக் கண்ணாடியுமாகச் செய்தியாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார். செப்டம்பர் மாதத்துக்கு ஒரு சிலை வைப்பதானால் அந்தக் கோலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நான்காவது ஆட்டத்தின் இடைவேளையில் அவரை வெளியே எடுத்தார்கள்; அணி 5-11 என்று முடித்தது.

சொல்லும் முறையைப் பற்றி ஒரு குறிப்பு. தீர்ப்பு சுருக்கமாக, சந்தேகமில்லாத குரலில், ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'எனக்குத் தோன்றுகிறது', 'ஒருவேளை' முதலியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் அது பொய்யானால் மறுக்காதீர்கள். நேராகப் போய், இன்னும் பெரிய தீர்ப்பு ஒன்றை அதே உறுதியோடு எதிர்த்திசையில் சொல்லுங்கள்.

படி 6: கேலி செய்வதும் கேலிக்கு ஆளாவதும்

முதல் அடியை உங்கள் அணிமீது நீங்களே போடுங்கள்; அதன்பிறகு பிறர் அடிப்பதில் பாதி பலம் போய்விடும். இந்த நாட்டு ரசிகர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1980இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி 1-15 என்று தோற்றுக்கொண்டே போனபோது, ரசிகர்கள் மளிகைக்கடைக் காகிதப் பையில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு அரங்கத்துக்கு வந்தார்கள்: டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, முகத்தையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்ற கணக்கு. 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றபோது, 2018 ஜனவரி 6 அன்று உறையும் குளிரில் ஆயிரக்கணக்கானோர் கூடி, 'பரிபூரணப் பருவம்' என்று பெயரிட்டு, அரங்கத்தைச் சுற்றிப் பெரிய சுழியம் ஒன்றைப் போல ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு கிளீவ்லாந்துக்காரரிடம் எந்த நகைச்சுவையைச் சொல்லி நீங்கள் வெல்ல முடியும்?

வசையையே கிரீடமாக ஆக்கிக்கொள்வது இன்னொரு வழி. பால்பண்ணை மாநிலமான விஸ்கான்சின்காரர்களைப் 'பாலாடைக்கட்டித் தலையர்' என்று சிகாகோக்காரர்கள் ஏளனம் செய்துவந்தார்கள். 1987இல் மில்வாக்கிக்காரர் ஒருவர் தன் தாயாரின் பழைய சோபாவிலிருந்த நுரைப்பஞ்சை முக்கோணமாக வெட்டி, மஞ்சள் வண்ணம் பூசி, பேஸ்பால் ஆட்டத்துக்குத் தலையில் வைத்துக்கொண்டு போனார். இன்று பேக்கர்ஸ் ஆடும் எந்த அரங்கத்திலும் அந்த மஞ்சள் முக்கோணங்களைக் காணலாம். சிகாகோவுக்கும் கிரீன் பேக்கும் இடையிலான இந்த வம்பு 1921 முதல் நடந்துவருகிறது. 2021 அக்டோபரில் சிகாகோ களத்திலேயே டச்டவுன் போட்டுவிட்டு, இருக்கைகளில் இருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் இன்னமும் எனக்குச் சொந்தம் என்று ராஜர்ஸ் கத்தியது நினைவிருக்கலாம்.

அதே ராஜர்ஸ் 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாறி, பெரும் எதிர்பார்ப்புக்கிடையே இறங்கிய முதல் ஆட்டத்தின் நான்காவது நகர்வில் குதிகால் தசைநாண் அறுந்து பருவத்தையே இழந்தார். இங்கே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஜெட்ஸ் ரசிகர்களின் தலைவிதியைப் பற்றி அன்றிரவே ஆயிரம் நகைச்சுவைகள் பிறந்தன, பலவற்றை ஜெட்ஸ் ரசிகர்களே சொன்னார்கள். ஆனால் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தவர்களைக் கூட்டம் ஏற்கவில்லை. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ வீரர் டமார் ஹாம்லின் இதயம் நின்று களத்தில் சரிந்தபோது, ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அந்த வாரம் எங்கள் காப்பி அறையில் யாரும் யாரையும் சீண்டவில்லை. காயம், குடும்பம், பிள்ளைகள் ஆகிய மூன்றையும் தொடாதீர்கள். அரங்கத்தில் எதிரணிச் சட்டை அணிந்து குடித்திருக்கும் அந்நியரிடமும் வேண்டாம். வம்பு என்பது மறுநாளும் முகம் பார்க்கப் போகிறவர்களுக்கிடையே நடப்பது.

இந்த நையாண்டிக் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2017 டிசம்பர் 31 அன்று சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் கடைசி நிமிடத்தில் வீசிய டச்டவுனால் பால்டிமோர் தோற்க, 17 ஆண்டுகளாக வெளியேற்றச் சுற்றை எட்டாத பஃபலோவுக்கு வழி திறந்தது. உணவு மேசைகள்மேல் குதித்து உடைப்பதற்குப் பெயர்போன பஃபலோ ரசிகர்கள், நோயுற்ற குழந்தைகளுக்காக டால்டன் நடத்தும் அறக்கட்டளைக்குப் பதினேழு பதினேழு டாலராக அனுப்பத் தொடங்கி, லட்சக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

படி 7: ஃபேன்டசி லீகில் சேரச் சொன்னால்

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆகஸ்ட் கடைசியில் உண்மையான வீரர்களை ஏலம்போலப் பங்கு பிரித்துக்கொண்டு, அவர்கள் வாரந்தோறும் எடுக்கும் யார்டுகளையும் டச்டவுன்களையும் வைத்து ஒருவரோடொருவர் மோதும் விளையாட்டு இது. முதல் ஆண்டில் சேரலாம். ஆட்டக்காரர்களின் பெயர்களை இதைவிட விரைவாகக் கற்க வழியில்லை. ஆனால் கடைசி இடத்துக்கு என்ன தண்டனை என்பதைச் சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வாஃபிள் கடை ஒன்றில் 24 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், தின்னும் ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணி நேரம் கழியும் என்பது பரவலாக வழங்கும் தண்டனை. பந்தயச் செயலிகள் வேறு சங்கதி. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தபின் விளம்பரங்கள் எங்கும் துரத்துகின்றன. அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

படி 8: ஒன்றும் கைகொடுக்காவிட்டால்

விதி மறந்துபோகும், எண்கள் குழம்பும், யார் எந்த அணி என்று தெரியாமல் விழிக்க நேரும். அப்போது எதிரில் இருப்பவரிடம், உங்கள் அணி எது, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். அடுத்த அரைமணி நேரத்துக்கு நீங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது.

எதிர் மேசைக்காரரிடம் நான் இதைக் கேட்டது, 5.33 தாளை அவர் என் திரையிலிருந்து உரித்தெடுத்த நாளில். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நடந்த இறுதியாட்டத்திலிருந்து தொடங்கினார். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில், கடைசி நொடிகளில், குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தாமே பந்தோடு கோட்டின்மேல் பாய்ந்து டல்லஸை 21-17 என்று வென்ற ஆட்டம். அவருடைய அப்பா அன்று அரங்கத்தில் இருந்தாராம். எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். ஐம்பதாயிரத்துச் சொச்சம் என்றார். பிறகு சற்றே குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்து அன்று அங்கிருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அப்பாக்களை மட்டும் உட்கார வைக்கவே இன்னும் இரண்டு அரங்கங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையை நோக்கி வீசினார். அது விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. "டங்" என்றேன். முதல்முறையாக, எல்லாரும் சிரித்தார்கள்.